வீடு கொடுத்தோம், சரி. எங்கே கொடுத்தோம்?



நீளமான பதிவு இது. வேலைக்கு நடுவில் திறந்தவர்கள் மூடிவிட்டு ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு படியுங்கள். பரீட்சை ஒன்றும் வைக்கப்போவதில்லை.

நம் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றிச் சுற்றி வருகிறது. கூவம் கரைக் குடிசைக்காரர்களுக்கு அரசாங்கம் கான்கிரீட் வீடு கொடுத்ததாம். அவர்கள் அதை உள்வாடகைக்கு விட்டுவிட்டுப் பழைய இடத்துக்கே திரும்பி வந்துவிடுகிறார்களாம். நம் வரிப்பணம் வீணாம். இதை எனக்கு அனுப்பியவர்களில் இரண்டு பேர் என் மாணவர்கள், ஒருவன் என் தம்பி மகன். தனித்தனியாகப் பதில் தட்ட விரல் வலிக்கிறது. அதனால் எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன்.

திரும்பி வருகிறவர்களும் உண்டு, உள்வாடகைக்கு விடுகிறவர்களும் உண்டு. அதை நான் மறுக்கவில்லை. ஏன் வருகிறார்கள் என்று கேட்டால் மட்டும் "பழக்கதோஷம்", "நன்றி இல்லை" என்று பதில் வருகிறது பாருங்கள், அங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. வேலையும் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் ஓரிடத்தில் இருக்க, வீட்டை 25 கிலோமீட்டர் தள்ளிக் கொடுத்தால் யாராக இருந்தாலும் திரும்பித்தான் வருவார்கள். நீங்களும் வருவீர்கள். இதைச் சரியாகச் செய்யத் தெரியாத ஊர் அல்ல நம்முடையது. 50 வருஷத்துக்கு முன்பு இதே சென்னையில் இதைவிட நன்றாகவே செய்தார்கள்.

கொஞ்சம் பழைய கதை.

அந்தக் காலத்து மெட்ராஸில் கோடை வந்தால் குடிசைகள் பற்றி எரியும். ஒரு குடிசையில் பிடித்தால் தெருவே சாம்பல். ஓலைக்குப் பதிலாகத் தீப்பிடிக்காத வீடு கட்டித் தருவது 1967க்குப் பிறகு வந்த அரசின் முக்கியமான வாக்குறுதிகளில் ஒன்று. 1970இல் கலைஞர் முதலமைச்சராக இருந்தபோது குடிசை மாற்று வாரியம் தொடங்கப்பட்டது. 'ஏழையின் சிரிப்பில் இறைவனைக் காண்போம்' என்பது அதன் வாசகம். என் வயதுக்காரர்கள் அந்த வாசகத்தைச் சுவரில் பார்த்தே வளர்ந்தவர்கள். ஏழு வருஷத்தில் குடிசையே இல்லாத நகரம் என்று இலக்கு வைத்தார்கள். அது நடக்கவில்லை என்பது தெரிந்த கதைதான். ஆனால் எப்படிக் கட்டினார்கள் என்பதைப் பாருங்கள். குடிசை இருந்த இடத்திலேயே, அல்லது கூப்பிடு தூரத்தில், மூன்று நான்கு அடுக்கில் குடியிருப்பு. நொச்சிக்குப்பத்து மீனவர் வீட்டு ஜன்னலைத் திறந்தால் கடல் தெரிந்தது. சின்ன வீடுதான், படிக்கட்டு இருட்டுதான், தண்ணீருக்குக் கீழே இறங்கி வந்து அடிபம்பில் அடிக்க வேண்டியதுதான். ஆனாலும் மறுநாள் காலையில் பிள்ளை அதே பள்ளிக்குப் போனது, அம்மா அதே சந்தையில் கூடையை இறக்கினாள்.

அடுத்த வருஷம், 1971இல், ஒரு சட்டம் வந்தது. ஓர் இடத்தைக் 'குடிசைப் பகுதி' என்று அரசு அறிவித்துவிட்டால், அங்கே குடியிருப்பவரை நினைத்த நேரத்தில் காலி செய்ய முடியாது, உரிய அதிகாரியின் அனுமதி வேண்டும். சென்னையில் அப்போது 1,202 இடங்கள் பட்டியலில் ஏறின. 1985இல் இன்னும் 17. அதன் பிறகு பல பத்தாண்டுகளுக்குப் பட்டியல் நீளவே இல்லை. நகரம் மட்டும் நீண்டுகொண்டே போனது. வகுப்பில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளின் பெயரைப் பதிவேட்டில் எழுதாமலே விட்டுவிட்டு, "நீ இந்த வகுப்பே இல்லை, வெளியே போ" என்று ஓர் ஆசிரியை சொன்னால் தலைமை ஆசிரியர் சும்மா விடுவாரா? 1985க்குப் பிறகு வந்த குடிசைப்பகுதிகளுக்கு நடந்தது அதுதான். பட்டியலில் பெயர் இல்லாததால் அவர்கள் 'ஆக்கிரமிப்பாளர்' ஆனார்கள்.

1977இல் உலக வங்கிக் கடன் வந்தது. அடுக்குமாடி கட்டினால் ஒரு குடும்பத்துக்கு ஆகும் செலவு அதிகம், இந்த வேகத்தில் எல்லோருக்கும் கட்டி முடியாது என்பது வங்கிக்காரர்களின் வாதம். அதில் நியாயம் இருந்தது. அவர்கள் சொன்ன மாற்று வழி இரண்டு. ஒன்று, குடிசைப் பகுதியை அங்கேயே வைத்துக்கொண்டு தெருவும் குழாயும் கழிப்பறையும் விளக்கும் போட்டு, இருக்கும் இடத்தை அவர்களுக்கே தவணையில் எழுதிக் கொடுப்பது. இன்னொன்று, மனையும் அடிப்படை வசதியும் மட்டும் அரசு தருவது, வீட்டை அவரவர் வசதிக்கேற்ப மெல்ல மெல்லக் கட்டிக்கொள்வது. அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர், பிறகு முகப்பேர் எல்லாம் அப்படி மனை பிரித்த இடங்கள். பெரிய மனையைச் சந்தை விலைக்கு விற்று, அந்த லாபத்தில் சின்ன மனையின் விலையைக் குறைத்தார்கள். பணக்காரர், நடுத்தரம், கூலிக்காரர் எல்லோரும் ஒரே பேட்டையில் இருக்க வேண்டும் என்பது திட்டத்திலேயே இருந்தது.

(முகப்பேரில் இருக்கும் உறவுக்காரர்கள் தொண்டையைச் செருமுவது எனக்கு இங்கே கேட்கிறது. ஆமாம், உங்கள் தெருவும் ஒரு காலத்துப் பொது வீட்டுத் திட்டம்தான்.)

இந்த வழியைத் 'தோல்வி' என்று கணக்கெழுதி 1990களில் மூட்டை கட்டினார்கள். பின்னாளில் உலக வங்கியின் ஆய்வாளர்களே அந்த இடங்களுக்குத் திரும்பிப் போய்ப் பார்த்தார்கள். ஓலை போட்டுத் தொடங்கியவர்கள் தளம் போட்டு, மேலே ஒரு மாடி எழுப்பி, கீழே கடை வைத்து, நல்ல பேட்டைகளாக ஆக்கியிருந்தார்கள். அதைப் பார்க்க 20 வருஷம் காத்திருக்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான். நட்ட மறுநாளே தென்னங்கன்றைப் பிடுங்கி வேர் விட்டதா என்று பார்க்கிற அவசரம் நம் திட்டங்களுக்கு எப்போதும் உண்டு.

அப்புறம்தான் திசை மாறியது. நகரத்துக்குள் நிலத்தின் விலை ஏறிவிட்டது. ரயிலுக்கு இடம் வேண்டும், சாலைக்கு இடம் வேண்டும், ஆற்றை அழகுபடுத்த வேண்டும். குடிசை இருந்த இடம் திடீரெனத் தங்கமாகிவிட்டது. அங்கேயே அவர்களுக்கு வீடு கட்டித் தர யாருக்கு மனசு வரும்? 2000 வாக்கில் ஒக்கியம் துரைப்பாக்கத்தில் கண்ணகி நகர் வந்தது. 2004 சுனாமிக்குப் பிறகு செம்மஞ்சேரி. மத்திய அரசின் நகர மேம்பாட்டுப் பணத்தில் எழில் நகரும் பெரும்பாக்கமும். கண்ணகி நகரில் மட்டும் 15,000 வீட்டுக்கு மேல். பெரும்பாக்கத்தில் எட்டு அடுக்கு, வரிசை வரிசையாக, 20,000 வீடுகளுக்குப் பக்கம். ஒரு தாலுகா தலைநகரத்து ஜனத்தொகையைக் கொண்டுபோய் ஒரே இடத்தில் இறக்கியது போல.

கண்ணகி நகரில் முதலில் கட்டிய வீடு 200 சதுர அடிகூட இல்லை. நான் பாடம் நடத்திய வகுப்பறை 20க்கு 20 அடி, அதாவது 400 சதுர அடி. அதில் கரும்பலகைப் பக்கத்துப் பாதியை மட்டும் மனசில் பிரித்துக்கொள்ளுங்கள். அதற்குள் சமையல், படுக்கை, வயசான மாமியார், வயசுக்கு வந்த பெண், பத்தாம் வகுப்புப் படிக்கும் பையன், எல்லாம். நம் வீட்டுச் சாப்பாட்டு அறை அதைவிடப் பெரியது என்பதைச் சண்டைக்காகச் சொல்லவில்லை. அளந்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

அளவைக்கூடப் பொறுத்துக்கொள்வார்கள். தூரம்தான் ஆளைத் தின்றுவிடும்.

நான் வேலை பார்த்த பள்ளிகளில் ஒன்று ஆற்றங்கரைக்குப் பக்கத்தில் இருந்தது. பெயர் வேண்டாம், அங்கே படித்தவர்களுக்குப் புரியும். ஒரு டிசம்பர், அரையாண்டுத் தேர்வு நெருங்கும் சமயம், லாரிகள் வந்தன. என் மூன்றாம் வகுப்புப் பதிவேட்டில் 38 பெயர். திங்கட்கிழமை வந்தது 21. மிச்சம் 17 பேரின் பெயரையும் தினமும் கூப்பிட்டேன். கூப்பிடாமல் விட்டால் பெயரை எடுத்துவிடச் சொல்வார்களோ என்ற பயம் எனக்கு. நாலு பேர் கொஞ்ச நாள் பஸ்ஸில் வந்தார்கள். விடியற்காலை நாலரைக்கு எழுந்து, இரண்டு பஸ் மாறி, இரண்டாம் பாடவேளையில் மேஜைமேல் தலை வைத்துத் தூங்கிவிடுவார்கள். நான் எழுப்பவில்லை. ஒருத்தி மட்டும் பழைய தெருவிலேயே நடைபாதையில் பாட்டியோடு தங்கிக்கொண்டு ஐந்தாம் வகுப்பு வரை முடித்தாள். மாற்றுச் சான்றிதழ் வாங்க ஆறு பேரின் வீட்டிலிருந்து யாரும் வரவே இல்லை. சான்றிதழ் இல்லாவிட்டாலும் சேர்த்துக்கொள்ளலாம் என்று விதி இருக்கிறது. அந்த விதி தெரிந்த அப்பா அம்மாவா வந்து என்னிடம் கேட்கப்போகிறார்கள்? அந்த ஆறு பெயருக்கு எதிரே 'நீண்ட நாள் வரவில்லை' என்று எழுதியவள் நான்தான். எங்கே சேர்ந்தார்கள், சேர்ந்தார்களா என்று இன்றுவரை தெரியாது.

இந்தப் பிள்ளைகளின் அம்மாக்கள் பெரும்பாலும் வீட்டு வேலை செய்தவர்கள். நாலு வீடு, இருபது வருஷப் பழக்கம், அவசரத்துக்கு முன்பணம் கேட்கக்கூடிய முகங்கள். புது இடத்தில் முகவரி சொன்னதும் "அந்த ஏரியாவா?" என்று கதவைச் சாத்துகிறார்கள். கண்ணகி நகர் என்று விண்ணப்பத்தில் எழுதினால் வேலை கிடைக்காமல் போன இளைஞர்கள் பத்திரிகைகளில் எத்தனையோ முறை பேசியிருக்கிறார்கள். ஒரே வகை வறுமையை ஒரே இடத்தில் குவித்துவிட்டு, அங்கே போலீஸ் வழக்கு அதிகம் என்று குறை சொல்வது என்ன நியாயம்?

அதே கண்ணகி நகர்ப் பெண் ஒருத்தி 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் கபடியில் தங்கம் வென்ற இந்திய அணியில் ஆடினாள். அன்று நம் குழுக்களில் எத்தனை கைதட்டல் படம் வந்தது! சந்தோஷம். அவள் எந்த மைதானத்தில் ஓடிப் பழகினாள், எந்தப் பஸ்ஸில் போய் வந்தாள் என்று யாராவது கேட்டோமா?

என் பெரியக்கா பேரன் சிங்கப்பூரிலிருந்து, "அத்தை, இங்கே எல்லோரும் அரசாங்க வீட்டில்தான் இருக்கிறோம், யாரும் ஓடவில்லையே" என்று எழுதியிருந்தான். நல்ல கேள்வி. அந்த ஊரின் வீடமைப்புக் கழகம் 1960இல் தொடங்கியது. 1961 மே 25இல் புக்கிட் ஹோ ஸ்வீ என்ற குடிசைப் பகுதி எரிந்து சுமார் 16,000 பேர் வீடு இழந்தார்கள். நம் மெட்ராஸ் கதைதான். அவர்கள் என்ன செய்தார்கள்? எரிந்த அதே இடத்தில் அடுக்குமாடி எழுப்பினார்கள், வீடு இழந்தவர்களுக்கே முன்னுரிமை கொடுத்தார்கள். அங்கேயும் பலரை விருப்பம் இல்லாமல் நகர்த்தியிருக்கிறார்கள், நான் மறைக்கவில்லை. ஆனால் வீட்டோடு சேர்த்துப் பள்ளி, சந்தை, பஸ் நிலையம், தொழிற்கூடம் எல்லாவற்றையும் ஒரே திட்டமாகப் போட்டார்கள். இங்கே வீட்டை ஒரு துறை கட்டும், பள்ளிக்கூடத்தை இன்னொரு துறை யோசிக்கும், பஸ்ஸுக்கு மூன்றாவது துறைக்கு மனு எழுத வேண்டும். இத்தனைக்கும் நடுவில் பிள்ளைக்கு ஒரு வயசு கூடிவிடும்.

நீங்கள் கேட்கப்போவது தெரியும்: "ஆற்றங்கரையில் விட்டுவைத்தால் வெள்ளத்தில் சாக மாட்டார்களா டீச்சர்?" 2015 டிசம்பர் வெள்ளத்தை நானும் இந்த ஊரில் இருந்து பார்த்தவள்தான். கரையிலிருந்து நகர்த்தத்தான் வேண்டும், சில இடங்களில் வேறு வழியே இல்லை. ஆனால் வெள்ளத்துக்குப் பயந்து கொண்டுபோய் விட்ட பெரும்பாக்கமும் செம்மஞ்சேரியும் எங்கே இருக்கின்றன? பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஓரத்தில். ஒவ்வொரு மழைக்கும் அங்கேயும்தான் தண்ணீர் நிற்கிறது. நீர்வழியை அடைத்தது குடிசை மட்டுமா? பக்கிங்காம் கால்வாய்க்குள் தூண் நட்டுத்தான் பறக்கும் ரயில் ஓடுகிறது. அதில் ஏறி நாமும்தான் மயிலாப்பூர் போய் வருகிறோம்.

"இலவசமாகக் கொடுத்தால் அருமை தெரியாது" என்பது அடுத்தது. முழுக்க இலவசம் இல்லை. தவணை உண்டு, பராமரிப்புக் கட்டணம் உண்டு. அதை விடுங்கள். அண்ணா நகரும் கே.கே. நகரும் பெசன்ட் நகரும் யார் உண்டாக்கியவை? வீட்டு வசதி வாரியம். அங்கே சகாய விலையில் மனையும் வீடும் வாங்கியவர்கள் யார்? நம்மைப் போன்ற மாதச் சம்பளக்காரர்கள். ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் மட்டும் வைத்திருந்த இடைநிலை ஆசிரியை நான். இந்த வீட்டைக் கட்டியது அரசு தந்த வீடு கட்டும் முன்பணத்தில், வங்கி வட்டியைவிடக் குறைந்த வட்டிக்கு. எனக்கு அது 'சலுகை', வேலைக்கார அம்மாவுக்கு வந்தால் 'இலவசம்'. பிடித்தம் போக வரும் சம்பளத்தைப் பார்த்து அப்போது நான் முணுமுணுத்ததுண்டு. ஆனால் என்னை யாரும் ஊருக்கு வெளியே போய்க் கட்டு என்று சொல்லவில்லை. என் பள்ளிக்கூடத்துக்கு நடக்கும் தூரத்தில் நானே இடம் பார்த்தேன்.

கிராமத்தைப் பாருங்கள், இன்னும் தெளிவாகும். 1985இல் வந்த இந்திரா குடியிருப்புத் திட்டமோ, 2010இன் கலைஞர் வீட்டு வசதித் திட்டமோ, 2011இன் பசுமை வீடோ, இப்போதைய கனவு இல்லமோ, எந்த ஆட்சி கொண்டுவந்தாலும் வழி ஏறக்குறைய ஒன்றுதான். குடிசையைப் பிரித்து, அதே மண்ணில், அந்தக் குடும்பமே முன்னின்று கட்டிக்கொள்ளப் பணம் கொடுப்பது. பணம் போதவில்லை, கமிஷன் போகிறது என்று ஆயிரம் குறை இருக்கலாம். வீட்டை விட்டு ஓடிவிட்டார்கள் என்ற குறை மட்டும் இல்லை. ஓட வேண்டிய அவசியம் இல்லையே. கிராமத்தில் செய்யத் தெரிந்ததை நகரத்தில் செய்யாததற்கு நிலத்தின் விலையைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

இப்போது ஒரு வாய்ப்பு வந்திருக்கிறது. பழைய குடியிருப்புகள் வயசாகி உதிர்கின்றன. 2021 டிசம்பரில் திருவொற்றியூரில் ஒன்று இடிந்தே விழுந்தது. விரிசலைப் பார்த்து முன்கூட்டியே வெளியே ஓடி வந்ததால் உயிர் தப்பினார்கள். வாரியத்துக்கும் அந்த வருஷம் 'நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்' என்று புதுப் பெயர் வைத்தார்கள். பழைய கட்டடங்களை இடித்து அதே இடத்தில் புதிதாக, கொஞ்சம் பெரிதாகக் கட்டித் தருகிறார்கள். இதை நான் மனசாரப் பாராட்டுகிறேன். குடியிருப்பவர்களிடம் லட்சக்கணக்கில் பங்குத்தொகை கேட்பதும், கட்டி முடிக்கும்வரை வாடகைக்குத் தரும் தொகை பற்றாததும் சரிசெய்யப்பட வேண்டும். இடம் அதே இடம் என்பதால் மற்றதைப் பேசித் தீர்த்துக்கொள்ளலாம்.

மறுகுடியமர்வுக்கு ஒரு வரைவுக் கொள்கையையும் 2021இல் அரசு வெளியிட்டது. அது சட்டமாக வேண்டும். அதில் நான் பார்க்க விரும்புவது பெரிய சமாச்சாரம் எதுவும் இல்லை. ஜூன் முதல் ஏப்ரல் வரை, பள்ளி நடக்கும் மாதங்களில் எந்தக் குடும்பத்தையும் நகர்த்தக் கூடாது. வீட்டுச் சாவி கொடுக்கும் நாளிலேயே பிள்ளைக்குப் புதுப் பள்ளியில் இடம் உறுதியான கடிதமும் கையில் இருக்க வேண்டும். நகர்த்தியே ஆக வேண்டும் என்றால் பழைய இடத்திலிருந்து எத்தனை கிலோமீட்டர் வரை என்று எழுத்தில் ஓர் எல்லை வேண்டும். 1985இல் நின்றுபோன பட்டியலை மறுபடி திறக்க வேண்டும்.

என் மாணவர்களில் சிலர் இப்போது கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் இருக்கிறீர்கள் என்று தெரியும். இரண்டு பேர் வாரியத்திலேயே வேலை பார்க்கிறீர்கள், ஒருவன் கட்டட ஒப்பந்ததாரர். மற்றவர்கள் விவாதிக்கும் முன் நீங்கள் எழுதுங்கள். வீட்டிலிருந்து வேலைக்கு எத்தனை நிமிஷம், பிள்ளை போகும் பள்ளி எத்தனை நிமிஷம், கடைசி பஸ் எத்தனை மணிக்கு. லிஃப்ட் ஓடுகிறதா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பெயர் போட விருப்பம் இல்லாதவர்கள் என் எண்ணுக்குத் தனியாக அனுப்பினால் போதும், சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் படிப்பேன்.